ரவுடியின் காது

என் ராசாத்திக்கு,

நீ விட்டுப்போன நம் ரவுடி நாய்க்குக் காதில் சீழ் பிடித்துவிட்டது. பயப்படாதே, ஆறி வருகிறது. அதே வாரம் எனக்கும் காதுவலி. இரண்டு பேரும் தலையைச் சாய்த்துக்கொண்டே வீட்டில் திரிந்தோம்.

பக்கத்துக் கடைக்காரர் பூண்டு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். நீ இருந்தால் கத்தியிருப்பாய் என்று யார் காதிலும் விடவில்லை. தைத்து மிச்சமான துணியை இஸ்திரிப் பெட்டியில் சூடாக்கி ஒற்றடம் வைத்துக்கொண்டேன். எனக்குச் சுகமாக இருந்ததே என்று அதற்கும் வைத்தேன். தையல் மெஷினுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது.

கால்நடை மருத்துவரம்மா என்னை ஒரு பிடி பிடித்தார். "உங்களுக்கும் அதுக்கும் ஒரே வைத்தியமா? இந்தச் சொட்டு மருந்தை மட்டும் விடுங்க. உங்க காதை வேற டாக்டர்கிட்ட காட்டுங்க."

மருந்தைப் பார்த்தாலே ரவுடி உறுமியது. கடைசியில் நீ போனில் பேசி அனுப்பியிருந்த பதிவைப் போட்டேன். என்னிடம் இருப்பது அந்த ஒன்றுதான்: "இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்கப்பா. என் கல்யாணத்தைப் பத்தி நீங்க ஒண்ணும் பேச வேணாம்..." வாலை ஆட்டிக்கொண்டே வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்துவிட்டது. தினமும் அதைத்தான் போடுகிறேன். நல்லவேளை, நீளமாகத் திட்டியிருக்கிறாய். முடிவதற்குள் மருந்தை விட்டுவிடலாம்.

நீ சொன்னபடி நான் போன் பண்ணவில்லை, அதனால்தான் கடிதம். முடிந்தால் புதிதாக ஒன்று பேசி அனுப்பு. திட்டினாலும் பரவாயில்லை. பக்கத்தில் மாப்பிள்ளை இருந்தால் அவரும் இரண்டு வார்த்தை பேசட்டும். ரவுடி அவர் குரலுக்கும் பழகிக்கொள்ள வேண்டாமா?

காதுவலி தேவலையான,
உன் அப்பா