எண்ணி முடிக்கும் வரை

இன்று காலை புதுத் துணிக்கட்டைப் பிரித்ததும் அந்தச் சலவை நெடி மூக்கில் ஏறியது. உடனே உன் நினைப்புதான். பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். வேறு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். நல்லவள்தான், ஆனாலும் எனக்கு எரிச்சலாக வந்தது. நீ போய் நான்கு மாதம் ஆகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் ராஜபாளையத்தில் இறங்கும் வரை உன் வாய் ஓயாது. பேண்டேஜ் கம்பெனிக்குள் நுழைந்துவிட்டால் நீ வேறு ஆள். ஆபரேஷனுக்குப் போகும் துணித்துண்டுகளைப் பாக்கெட்டுக்குப் பத்தாக எண்ணிப் போடுவது நம் வேலை. ஒரு பெட்டி நிறைந்து மூடும் வரை யார் கூப்பிட்டாலும் நீ தலை நிமிர மாட்டாய். மேனேஜருக்கும் அதே மரியாதைதான். "காது அடைச்சுப் போச்சா மகாராணிக்கு?" என்று நான் எத்தனை நாள் கத்தியிருக்கிறேன்!

என் திமிர் ஒரே நாளில் இறங்கியது. எங்கள் புதுப்பட்டியில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். அந்த வழக்கத்தில் நானும் லாபம், ரெண்டு, மூணு என்றே துண்டுகளை எண்ணுவேன். அன்று பேச்சு சுவாரசியத்தில், லாபம் என்று ஒன்றைப் போட்டுவிட்டு, திரும்பிப் பேசிவிட்டு, ஒண்ணு என்று அடுத்ததைப் போட்டிருக்கிறேன். சோதனையில் பாக்கெட் பாக்கெட்டாகப் பதினொன்று வந்தது. அன்றைய பெட்டிகள் அத்தனையையும் பிரிக்கச் சொன்னார்கள். நீ உன் வேலையை முடித்துவிட்டு எனக்காக உட்கார்ந்தாய்.

"பாக்கெட்டுல பத்துன்னு போட்டிருந்தா டாக்டருமாரு பத்துன்னுதானட்டி எண்ணி வெளிய எடுப்பாவ? மிச்சம் ஒண்ணு ஒரு பொம்பள வயித்துக்குள்ள தங்கிப்போச்சுன்னா?"

"தெரியாம செஞ்சுட்டேன்."

"தெரியாம வாரதுக்குத்தான் பழக்கம் வேணும். பெட்டி மூடுற வரைக்கும் வாயத் தொறக்காத. பொறவு எம்புட்டு வேணாலும் பேசு."

முதல் வாரம் நாக்கு அரித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். ஒரு மாதத்தில் போன் அடித்தாலும் கை நிற்காத அளவுக்கு வந்துவிட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

மதுரையில் உனக்கு ஆபரேஷன் நடந்த அன்று காலை என் போன் அதிர்ந்தது. மேசையில் பாதிப் பெட்டி கிடந்தது. இருபது நிமிஷத்தில் எண்ணி முடித்து, பெட்டியை மூடிவிட்டு எடுத்துப் பார்த்தால் நீ. திருப்பி அழைத்தேன். உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்றார் உன் வீட்டுக்காரர். ஆபரேஷனில் உன் இதயம் தாங்கவில்லை, நீ திரும்பவே இல்லை. நீ எனக்கு என்ன சொல்ல வந்தாய் என்பது யாருக்குமே தெரியாமல் போய்விட்டது.

அதன் பிறகு அந்தப் பழக்கத்தையே வெறுத்தேன். இருபது நிமிஷத்தில் ஒரு மனுஷி போய்விடுகிறாள், என்ன பெரிய எண்ணிக்கை? எண்ணும் நடுவில் எல்லாப் போனையும் எடுத்தேன், கூப்பிட்ட பக்கமெல்லாம் திரும்பினேன். மூன்றாவது வாரம் ஒரு பாக்கெட்டில் ஒன்பது, இன்னொன்றில் பதினொன்று. இன்னொரு தடவை வந்தால் மேசையை விட்டு எடுத்துவிடுவேன் என்றார் சூப்பர்வைசர். எடுத்தால் எடுக்கட்டும் என்றுதான் இருந்தேன்.

அந்த வாரம் உன் பிஎஃப் பேப்பரில் கையெழுத்துப் போட உன் வீட்டுக்காரர் கம்பெனிக்கு வந்தார். அவரைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். "போனை எடுக்காம விட்டுட்டேண்ணே" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "அன்னைக்கு நானும் வைதேன் தங்கச்சி, இந்த நேரத்துல போனை எடுக்காம என்ன செய்யுதான்னு. அவ சிரிச்சா. 'எடுக்க மாட்டா, எண்ணிக்கிட்டு இருப்பா. தேறிட்டா'ன்னு சொல்லிட்டுத்தான் போனை என் கையில குடுத்தா."

முகத்தைக் கழுவிக்கொண்டு மேசைக்கு வந்து முதல் துண்டை எடுத்தேன்.

அன்றிலிருந்து என் பாக்கெட்டில் ஒன்றுகூடப் பிசகவில்லை. பெட்டியை மூடியதும் முதல் வேலையாகப் போனைப் பார்க்கிறேன், வந்த அழைப்புக்கெல்லாம் உடனே திருப்பிப் பேசுகிறேன். அது நானாகச் சேர்த்துக்கொண்டது. ஆனால் எண்ணும்போது நிமிர மாட்டேன். அன்று உன் போனை எடுக்காதது இன்றும் என்னைச் சுடுகிறது, சுடட்டும். நீயே மறுபடி அழைத்தாலும் பெட்டியை மூடிவிட்டுத்தான் எடுப்பேன்.