பச்சையம்மாளின் நெஞ்சு நீர்

1943 ஜூன், செவ்வாய்

ரப்பர் மரத்தில் பால்வெட்டும் பச்சையம்மாளின் நெஞ்சிலிருந்து ஊசி போட்டு இன்று மூன்றாம் தடவையாக நீர் எடுத்தேன். மறுபடியும் இரத்தச் சிவப்பு. டிபி என்று தனியே வைத்திருக்கிறோம்; ஆனால் காய்ச்சலும் இல்லை, சளியும் இல்லை. கழுத்தில் கல்போல ஒரு கட்டி. புற்று என்றே தோன்றுகிறது. மருந்து கட்டும் டிரசராக நான் இருக்கும் எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரி மைக்ராஸ்கோப்பை ஜப்பான்காரன் கொண்டுபோய்விட்டான். நீர் எடுத்த போத்தலைச் சைக்கிளில் சுங்கைப்பட்டாணி டவுன் டாக்டரிடம் கொண்டுபோனேன். மனிதர் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"டிபிதான்லா டிரசர். தனிக் கொட்டாயிலயே வச்சிருங்க."

நான் திரும்பி வந்ததும் பச்சையம்மாள் கேட்டாள்: "டிபி இல்லன்னா எம் புள்ளைய தூக்கலாம்தானே அண்ணே?"

தூக்கலாம். ஆனால் டிபியிலாவது சிலர் தேறுகிறார்கள். இதில் யாரும் தேறுவதில்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வேன்? காலையில் பிள்ளையைக் கொண்டுவரும்படி அவள் புருஷனிடம் சொல்லிவிட்டேன். நான் நினைப்பது தப்பாக இருந்தால் அந்தப் பிள்ளைக்கும் டிபி ஒட்டிக்கொள்ளுமே…