கையில் பை இல்லாமல் நடப்பது

செம்மண்டலம்,
கடலூர்.
மார்கழி 21

அன்புள்ள வித்யாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம், உன் தம்பி அரவிந்தனுக்கு மட்டும் ஒரு வாரமாக மூக்கு ஒழுகுகிறது. நீயும் நலம் என்று அறிகிறேன் என எழுதத்தான் கை போகிறது. அது உண்மையில்லை என்று தெரிந்துவிட்டதால் அந்த வரியை உனக்கே விட்டுவிடுகிறேன், நீயே நிரப்பிக்கொள். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை இரண்டு மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்கிறாய் என்று அரவிந்தன் போட்டுக்கொடுத்துவிட்டான். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது, அதனால்தான். ஜனவரி எட்டாம் தேதி அங்கே கிளம்பும் சரண்யா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன்னோடு அங்கே படிக்கிற பிள்ளை லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறதே என்று போன மாதம் பண்ருட்டிக்குப் போய் உனக்கான பொடி வகைகளைக் கொடுத்தேன். காபி குடிக்கும்போது, வித்யா எப்படிம்மா இருக்கா என்று சும்மாதான் கேட்டேன். அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள், அவள் கிளம்பும்போதே நீ அறையை விட்டு வெளியே வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது, ஜன்னல் திரையைக்கூட விலக்குவதில்லை, பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறாய், வகுப்பெல்லாம் படுக்கையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டுதான் என்று. எனக்கு உன் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தினமும் என்னிடம் பேசினாயே, ஒரு வார்த்தை சொன்னாயா? கேமரா ரிப்பேர் என்றாய். அதையும் நம்பி, கடைக்குக் கொண்டுபோய்க் காட்டு என்று நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். ஏன்மா இப்படி என்று கேட்டதற்கு சரண்யா சொன்ன பதில்தான் இன்னும் காதில் நிற்கிறது. "வெளிய போவலன்னு சொன்னாத்தான் எங்கம்மாவுக்கு நிம்மதின்னு வித்யா சொல்லும், அத்தை."

பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன், சரிதான். இன்னைக்கு எங்கேயும் போகலம்மா என்று நீ சொன்ன ஒவ்வொரு நாளும், நல்லது கண்ணு, பனியில் அலையாதே, காதை மூடிக்கொள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து இதைத்தான் சொல்லி வளர்த்தேன். மார்கழியில் வாசல் தாண்டினால் தலையில் துண்டு, கடற்கரைக்குப் போனால் காதில் பஞ்சு. இருபத்திரண்டு டிகிரிக்கே இந்தப் பாடு. நீ படிக்கும் ஊரில் மைனஸ் பதினைந்து. அதற்கு ஏற்ற உடுப்பை அந்த ஊர்க்காரர்கள் கண்டுபிடித்து, மாட்டிக்கொண்டு வெளியே நடக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. உனக்காவது உறைத்திருக்க வேண்டாமா? மற்ற விஷயத்திலெல்லாம் என் பேச்சைக் காதில் வாங்காதவள், இதில் மட்டும் ஏன் இத்தனை கீழ்ப்படிதல்?

சரி, பிள்ளையை நடக்கச் சொல்லுமுன் நாம் நடந்து பார்ப்போம் என்று மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாக, எங்கேயும் போவதற்காக இல்லாமல் நடந்தேன். இந்த ஊரில் அது எவ்வளவு பெரிய குற்றம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. தெருமுனை தாண்டவில்லை, எதிர் வீட்டு ராமாமிர்தம் ஸ்கூட்டரை நிறுத்தி, "எங்கம்மா இந்நேரத்துல? ஏறு, பஸ் ஸ்டாண்டுல உட்டுடறேன்" என்றார். சும்மா நடக்கிறேன் என்றேன். சும்மா என்றால் என்ன என்பதுபோல் பார்த்தார். மறுநாள் யாரும் கேட்கக் கூடாது என்று வயர்கூடையை எடுத்துக்கொண்டேன். கூடை காலியாகத் திரும்பினால் அதற்கும் கேட்பார்கள் என்று வழியில் கீரை வாங்கினேன். ஐந்து நாள் ஐந்து கட்டு. அரவிந்தன் தட்டைப் பார்த்துவிட்டு, "யம்மா, நாம மனுசங்களா, ஆடுங்களா?" என்றான். கூடையை விட்டேன். உடனே பால்காரர் கோவிந்தசாமி, சாரோடு ஏதாவது மனஸ்தாபமா என்று தயங்கித் தயங்கி விசாரித்தார். அன்று சாயங்காலமே சிதம்பரத்திலிருந்து உன் தங்கராசு மாமா போன் செய்து, "அக்கா, மச்சான் எதுனா சொல்லிட்டாரா? நான் வந்து பேசட்டா?" என்கிறான். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருக்கிறார், ஒன்றும் தெரியாத மனுஷன். கடைசியில் ராமாமிர்தம்தான் வழிகாட்டினார். சுகரா என்று கேட்டார். ஆமாம், கொஞ்சம் ஜாஸ்திதான் என்று சொல்லிவிட்டேன். அதோடு ஊர் அடங்கியது. இப்போது எல்லோரும் மரியாதையாக வழிவிடுகிறார்கள், அவர் வீட்டிலிருந்து வெந்தயப் பொடி வந்திருக்கிறது. நடப்பது பிடித்திருக்கிறது என்று சொல்லியிருந்தால் ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஆனால் பிடித்திருக்கிறது வித்யா. மஞ்சக்குப்பம் தாண்டி பீச் ரோட்டில் திரும்பும்போது பனியில் எதிரே வருகிற வண்டியின் விளக்கு மட்டும்தான் தெரியும், வண்டி பிறகுதான் வரும். முதல் பத்து நிமிடம் பல் கிட்டும், அப்புறம் ஸ்வெட்டருக்குள் வேர்க்கும். சில்வர் பீச்சில் படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வருவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து காபித் தம்ளரைப் பிடித்தால், அந்தச் சூடு உள்ளங்கையில் ஏறுவது தனியாகத் தெரிகிறது. இதே காபியைத்தான் இருபது வருஷமாகக் குடிக்கிறேன். கார்த்திகைக் கடைசியில் மூன்று நாள் மழையில் நாங்கள் அடைந்து கிடந்தோமே, முதல் நாள் அடுப்படியிலேயே பாய் போட்டு, கடலை வறுத்து, கதை பேசி அவ்வளவு சந்தோஷம். மூன்றாம் நாள் ஃபேனை எதில் வைப்பது என்று அப்பாவும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்குள் இருப்பது சுகம்தான், வெளியிலிருந்து உள்ளே வருகிறவர்களுக்கு. நீயோ உள்ளேயே இருக்கிறாய். உனக்கு அந்த அறை எப்படி இதமாக இருக்கும்?

இனி உன் அப்பா விஷயம். தேர் பார்க்கச் சிதம்பரம் போயிருந்தோம். மேல வீதியில் மீனவக் குடும்பத்தார் அம்பாளைத் தங்கள் வீட்டுப் பெண்ணாக நினைத்து, வழக்கம்போல் பிறந்த வீட்டுச் சீர் வைத்தார்கள். அப்பா அதைப் பார்த்துக் கண் கலங்கி நின்றார். பக்தி என்று நினைத்தேன். "அம்பாளுக்கே வருசா வருசம் பொறந்த ஊடு வந்து பாத்துட்டுப் போவுது. எம் பொண்ணு அங்க ஒண்டியா கெடக்குது பவானி" என்றார். கூட்டத்தில் வைத்தே, ஜனவரிக் கடைசியில் டிக்கெட் போடச் சொல்லி நீ அவருக்கு அனுப்பியிருந்த மெசேஜைக் காட்டினார். அம்மாவிடம் சொல்லாதே என்று கீழே எழுதியிருந்ததையும் சேர்த்தே காட்டினார், அவருக்கு மறைக்கத் தெரிந்தது அவ்வளவுதான். படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதும் அளவுக்குப் போயிருக்கிறாய், எனக்கு மட்டும் தெரியக் கூடாதாம். நான் கத்துவேன் என்று பயமா? கத்தத்தான் செய்வேன், கத்திவிட்டு என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியாதா?

டிக்கெட் இப்போது வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அதற்காக நாலு நாளாக அவர் என்னோடு பேசுவதில்லை, உப்பு வேண்டுமென்றால்கூட அரவிந்தன் மூலம் கேட்கிறார். நீ வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த வீடு உன்னுடையது. ஆனால் திரையை மூடிய ஓர் அறையிலிருந்து நேராக விமானம் ஏறி வந்தால், இங்கேயும் ஓர் அறைக்குள்தான் போய்ப் படுப்பாய், அதுதான் என் பயம். அங்கே வெளிச்சம் இருப்பதே மூன்றரை மணி நேரம் என்று சரண்யா சொன்னாள். அந்த நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்து, நன்றாகப் போர்த்திக்கொண்டு, பத்து நாள் மட்டும் நட. உங்கள் காலேஜ் டாக்டரையும் ஒருமுறை போய்ப் பார், சரண்யா கூட வருகிறேன் என்றிருக்கிறாள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பத்து நாளுக்குப் பிறகும் வீட்டுக்கு வரவேண்டும் என்றுதான் தோன்றினால் டிக்கெட்டை நானே போடுகிறேன். ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், யாரையும் கேட்கவும் விடமாட்டேன்.

நல்ல உடம்பும் தெளிந்த மனசுமாக நீ இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், அதையும் அரவிந்தன்தான் வந்து சொன்னான்.

மறக்காதே. நடந்துவிட்டேன் என்று வாயால் சொன்னால் இனி நம்ப மாட்டேன். வாசலில் நின்று பனியில் உன் காலடித் தடத்தைப் படம் எடுத்து அனுப்பு. போன தடம் மட்டும் போதாது, திரும்பி வந்த தடமும் அதில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
பவானி இளவரசு