வலது பக்கத்துப் பட்டன்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். கேமராப் பெட்டி வந்து சேர்ந்திருக்கும். ராப்பகலாகக் கேமராக்களைப் பற்றிப் படித்து, கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது. பக்கவாதம் வந்து விழுந்த அன்றே அப்பாவின் பழைய கேமராவும் உடைந்துபோயிற்று என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். பஸ் ஓட்டிய காலத்திலிருந்தே டிப்போ நாய், மழைத்தண்ணீர், எதிர்வீட்டு மாடியில் காயும் துணி என்று கண்டதையும் படம் பிடித்த மனுஷர் சும்மா உட்கார்ந்திருந்தால் எப்படி? இதில் பெரிய லென்ஸ். தெருமுனையில் நிற்கிறவனின் சட்டைப் பித்தான்கூடத் தெரியும்.

அப்பாவின் கழுத்தில் மாட்டிவிடு. அவர் எடுக்கும் முதல் படத்தை எனக்கு அனுப்பு. இந்த வருஷமும் லீவு சந்தேகம்தான்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 15

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுத மனசு வரவில்லை. போனில் பேசினால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பெட்டியைப் பிரித்ததும் அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கழுத்தில் மாட்டிவிட்டேன். இடது கையால் தூக்கினார். செங்கல் கனம். பட்டனோ வலது பக்கம். இடது கையை வளைத்து எட்டி அழுத்தப் பார்த்தார். கேமரா சரிந்து மார்பில் இடித்தது. மறுபடி தூக்கினார், மறுபடி இடித்தது. நானே கழற்றி வைத்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பாவுக்கு வலது கை வராது என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? ஒவ்வொரு தடவையும் “வந்துரும்க்கா, வந்துரும்” என்பாய். லென்ஸைப் பற்றி உலகத்தில் உள்ளதையெல்லாம் படித்தாய். பெற்ற தகப்பனுக்கு எந்தக் கை விழுந்தது என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. கடையில் உன் வலது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் அதைத் தூக்கிப் பார்த்திருந்தால் போதும்.

இப்போது அது பீரோ மேலே இருக்கிறது. துடைத்து வைக்கிறேன். இந்த வீட்டில் எல்லாவற்றையும் துடைப்பது நான்தானே.

அக்கா


மார்ச் 1

அக்காவுக்கு,

எந்தக் கை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கினேன். அழுத்த ஒரு பட்டன் கிடைத்தால், ஆசைக்காவது அந்த விரல் அசையாதா என்று நினைத்தேன். நீயோ எப்போது பார்த்தாலும் வராது, வராது. அவர் காதுபட இதையே பாடினால் எந்தக் கைதான் வரும்? சோறு ஊட்டி, சட்டை மாட்டி அவரை முழு நோயாளி ஆக்கியது நீ. சும்மா சொல்லவில்லை, நீ அவரைக் கைகழுவிவிட்டாய்.

என் கண்ணுக்குள் அப்பா இன்னும் ஸ்டியரிங் பிடித்தபடிதான் உட்கார்ந்திருக்கிறார். வேறு மாதிரி என்னால் பார்க்க முடியாது. கேமராவைக் கீழே இறக்கு. தினமும் பழக்கு.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

கைகழுவியது யார் என்று பக்கத்து வீட்டில் கேட்டால்கூடச் சொல்வார்கள்.

கை இனி வராது என்று டாக்டர் போன வருஷமே சொல்லிவிட்டார். அப்பாவை வைத்துக்கொண்டேதான் சொன்னார். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஒப்புக்கொள்ளாதவன் நீ ஒருத்தன்தான்.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். மறைப்பானேன்? ஸ்டியரிங் வரி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் பீரோ மேலே காட்டினார், வாசலைக் காட்டினார். “கடை” என்றார். வாய் குழறினாலும் அது புரிந்தது.

வாடகைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் வரிசையாக எடுத்து வைத்து, இதில் அது இருக்கிறது, அதில் இது இருக்கிறது என்று உன்னைப் போலவே ஆரம்பித்தார். அப்பா எதையும் காதில் வாங்கவில்லை. ஒவ்வொன்றாக இடது கையில் எடுத்துக் கனம் பார்த்தார். கடைசியில் சோப்புக்கட்டி அளவில் ஒன்றை எடுத்தார். அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பட்டன் நேராக அவருடைய இடது கட்டைவிரலுக்கு வந்து நின்றது. அழுத்தினார்.

“சார், தலைகீழா புடிச்சிருக்கீங்க” என்றார் கடைக்காரர்.

“தெரியும்” என்றார் அப்பா. இவ்வளவு தெளிவாக அவர் பேசிக் கேட்டு நாளாயிற்று. எனக்கு அழுகை வந்தது. உன் மேலுள்ள கோபம் அதில் கொஞ்சமும் குறையவில்லை.

உன் கேமராவை அங்கேயே கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டோம். மீதிப் பணத்தில் குளியலறைச் சுவருக்குப் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டாயிற்று. உன்னைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

முதல் படம் கேட்டாயே, இதோடு வைத்திருக்கிறேன். மாடித் துணியையோ தெரு நாயையோ எடுப்பார் என்றுதான் நினைத்தேன். வலது கையை மடியில் தூக்கி வைத்து, மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீவி, அதைத்தான் எடுத்தார். “அவனுக்கு” என்றார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

படத்தின் மூலையில் தேதி இருக்கும். அப்பாவின் கையை நேராகப் பார்த்தால் தேதி தலைகீழாகத்தான் நிற்கும். படம் எடுக்கத் தெரியவில்லை என்று நினைத்துவிடாதே.

பதில் எழுதாதே. நான் படித்துக் காட்ட மாட்டேன். வருவதானால் வா.

அக்கா