ஓடைக்குளத்துப் பாசி

காரைக்கால்
11.3.2025

அன்புள்ள மாறனுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீங்களும் நலம் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். போனில் பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் முடிகிறது என்பதால், உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் தண்ணீர் மாதிரி பாட்டில்களோடு கடிதம் வைக்கும் இந்த ஏற்பாடே நமக்குச் சரிப்படுகிறது. புருஷனும் பெண்டாட்டியும் பார்சலில் குடும்பம் நடத்துகிறோம் என்று கல்லூரியில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

பெட்டியில் இருப்பது ஓடைக்குளத்துத் தண்ணீர். கெடாமலிருக்க அயோடின் விட்டிருப்பதால் டீ நிறத்தில் தெரியும். நேரில் இளம் பச்சை. மேட்டூர் அணையை மூடியதிலிருந்து ஆற்றில் ஓட்டமில்லை, வெயிலும் ஏறிவிட்டது. எங்கள் குளம் இந்த வருஷம் சீக்கிரமே பாசி கட்டப் பார்க்கிறது. உங்கள் மைக்ராஸ்கோப்பில் விஷமுள்ள இனம் எதுவும் தெரிந்தால் உடனே எழுதுங்கள். ஆடு மாடெல்லாம் அங்கேதான் தண்ணீர் குடிக்கிறது.

இன்னொரு செய்தி. ஆற்றிலும் குளங்களிலும் பாசி பெருகுவதைக் கண்காணிக்க இங்கேயே ஒரு மையம் திறக்கிறார்கள். பொறுப்பு அலுவலர் வேலை, உங்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. மே பத்து கடைசி நாள். நான் வற்புறுத்தவில்லை. நாலு வருஷம் தனியாக இருந்தாயிற்று, இன்னும் இருக்கவும் முடியும். ஆனால் நீங்கள் திரும்பி வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். இதை எழுதாமல் பெட்டியை ஒட்ட மனசு வரவில்லை.

மதிவதனி


போபால்
26.3.2025

அன்புள்ள மதிக்கு,

பெட்டியைத் திறந்ததும் அயோடின் வாடை. அன்றைக்கு முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. கல்யாணமான புதிதில் உன் மாமா கொடுத்த எவர்சில்வர் தட்டில் கறுப்பும் வெள்ளையும் அடித்து, கயிறு கட்டித் தண்ணீரில் இறக்கி, எவ்வளவு ஆழம் வரை கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்த்தோமே. சீர்த் தட்டைக் குளத்தில் முக்குகிறார்கள் என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லி அழுதார்கள். கிளிஞ்சல்மேட்டு மீனவர் படகில் அரசலாற்று முகத்துவாரம் வரை போய், திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் புரோட்டா சாப்பிடுவோம். உன் புடவை முழுக்க அயோடின் கறை. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை, மதி.

இங்கேயும் பெரிய ஏரி இருக்கிறது. பாசியும் வருகிறது. நான் அறிக்கை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

உன் மாதிரியில் விஷ இனம் கொஞ்சம் தெரிகிறது. இப்போதைக்குப் பயமில்லை, கவனமாக இரு. வேலை விஷயம் யோசிக்கிறேன். ஒன்று கேட்க வேண்டும். "எங்கள் குளம்" என்று எழுதியிருக்கிறாய். நம் குளம் இல்லையா அது?

உன்
மாறன்


காரைக்கால்
9.4.2025

அன்புள்ள மாறனுக்கு,

"நம்" என்று எழுத நீங்களும் பக்கத்தில் இருக்க வேண்டாமா? இலக்கணப்படிதான் எழுதினேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தட்டு இன்னும் இருக்கிறது. போன வாரம் இறக்கினேன். முழங்கை ஆழம் போவதற்குள் மறைந்துவிட்டது. விடியற்காலையில் கரையோரம் பச்சைப் பெயிண்ட் கொட்டின மாதிரி ஆடை கட்டி நிற்கிறது, வெயில் ஏற ஏற நாற்றம். புது மாதிரி அனுப்பியிருக்கிறேன். பார்சல் வந்து சேர்ந்து, நீங்கள் பார்த்து, பதில் வருவதற்குள் குளம் வேறு குளமாகிவிடுகிறது. இங்கேயே ஒருவர் பார்த்துச் சொன்னால் அன்றைக்கே கரையை அடைக்கலாம்.

பழைய கதை எழுதினீர்கள், படிக்க நன்றாகத்தான் இருந்தது. விண்ணப்பம் போட்டீர்களா என்பதை எழுதவில்லையே.

மதிவதனி


போபால்
27.4.2025

அன்புள்ள மதிக்கு,

அவசரம். போனில் சொன்னால் மறுபடி சண்டையாகிவிடும் என்று விரைவுத் தபாலில் எழுதுகிறேன். இந்த மாதிரியில் விஷ இனம்தான் முக்கால்வாசி. மைக் கட்டி ஊருக்கு அறிவித்துவிடு. வெறுமனே பாசி என்று சொன்னால் ஒருவரும் மதிக்கமாட்டார்கள். முழுப்பெயராக, நீலப்பச்சைப் பாசி என்று சொல்லச் சொல். பெயர் கனமாக இருந்தால்தான் பயப்படுவார்கள்.

நேற்று ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தபோது நம் பழைய டிவிஎஸ் வண்டி ஞாபகம் வந்தது. நீ பின்னால் உட்கார்ந்து பாட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் என் தோளில் குத்துவாய். அந்த வலிக்காகவே திரும்பி வரலாம் போலிருக்கிறது. விண்ணப்பத்தை எழுதி வைத்துவிட்டேன். இந்த வாரம் அனுப்பிவிடுகிறேன்.

உன்
மாறன்


காரைக்கால்
14.6.2025

அன்புள்ள மாறனுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் எழுதவில்லை. எழுதினால் கோபமாக வந்திருக்கும்.

நீங்கள் சொன்னபடியே ஆட்டோக்காரர் தாவூதின் வண்டியில் மைக் கட்டி, "ஓடைக்குளத்தில் நீலப்பச்சைப் பாசி வந்திருக்கிறது" என்று தெருத் தெருவாகச் சொல்ல வைத்தேன். மறுநாள் காலையில் போனால் குளத்தில் திருவிழாக் கூட்டம். ஆளாளுக்குக் கூடையும் அன்னக்கூடையுமாகப் பாசியை வாரிக்கொண்டிருக்கிறார்கள். குளத்தங்கரையில் நெல் போடும் நம் பழைய இளையபெருமாள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "வேளாண்மை ஆபீஸ்ல காசு குடுத்து பாக்கெட்ல வாங்குவமே, அந்தப் பாசிதானேங்க டீச்சர்? வயலுக்குத் தழைச்சத்துன்னு சொல்லுவாங்களே. குளத்துலயே வந்துருக்குன்னு சொன்னீங்களே, நல்லா இருப்பீங்க" என்றார். நெல்லுக்கு உரமாகப் போடுவதும் நீலப்பச்சைப் பாசிதான் என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியாதா? தெரியும். உங்களுக்கு எழுதும்போது தோன்றவில்லை, எனக்கு மைக்கைக் கொடுக்கும்போது தோன்றவில்லை. படித்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஊரையே குளத்தில் இறக்கிவிட்டோம்.

கத்திக் கரையேற்றினேன். சிலருக்கு உடம்பெல்லாம் தடித்து, அரிப்பு, வாந்தி. அதெல்லாம் சரியாகிவிட்டது. இளையபெருமாள் வாரிய பாசியைக் கொல்லையில் குவித்திருக்கிறார். அதிலிருந்து வடிந்த தண்ணீரைக் குடித்த அவருடைய கறவை மாடு மட்டும் பிழைக்கவில்லை. குளத்தைச் சுற்றி வேலி போடச் சொல்லி ஆபீசுக்கு ஓடினேன். புது மையத்துப் பொறுப்பு அலுவலர் கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்த நாற்காலி காலி. உங்கள் விண்ணப்பம் வந்திருக்கிறதா என்று கேட்டேன். அன்றைக்கு மே ஒன்பது. வரவில்லை.

அங்கேயே உட்கார்ந்து நான் ஒன்று எழுதிக் கொடுத்தேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நேற்று உத்தரவு வந்துவிட்டது. கல்லூரியிலும் அனுமதி கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் முதல் கையெழுத்து ஓடைக்குளத்து வேலிக்கு.

ஆகையால் இனி பார்சல் வராது. இங்கேயே மைக்ராஸ்கோப் வந்துவிட்டது. உங்களுக்காகப் பார்த்து வைத்திருந்த வேலையும் இங்கே இல்லை. இத்தனை நாள் வேலைக்காக வருவீர்கள் என்று நானும் நினைத்தேன், நீங்களும் நினைத்தீர்கள். நீங்கள் எழுதிய கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். ஆறு வருகிறது, படகு வருகிறது, புரோட்டா வருகிறது. இப்போது இங்கே இருக்கிற நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. எனக்கு நாற்பத்தாறு வயது ஆகிறது, மாறன். கண்ணாடி போட்டிருக்கிறேன். வண்டியை நானே ஓட்டுகிறேன். உங்களுக்கு ஆசை அந்தப் பழைய பெண்மேல் என்றால் அவள் இங்கே இல்லை, அலைய வேண்டாம். என்மேல் என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

மதிவதனி


போபால்
25.6.2025

அன்புள்ள மதிக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் இயக்குநர் அறைக்குப் போய் நீண்ட விடுப்பு கேட்டேன். எதற்கு என்றார். மாநாடு, ஆய்வு என்றிருந்தால் சட்டென்று சொல்லியிருப்பேன். கடைசியில், என் மனைவியோடு இருக்க வேண்டும் என்று சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நாலு வருஷமாகத் தினமும் மத்தியானம் என்னோடு சாப்பிடுகிற மனிதர். "உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று கேட்டார்.

அறைக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது. இவ்வளவு நாளும் உன்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல்தான் இருந்திருக்கிறேன்.

விடுப்பு கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை ரயில் ஏறுகிறேன். இந்தத் தடவை கையில் வேலை எதுவும் இல்லை. உனக்குப் பார்வை எப்போது மங்க ஆரம்பித்தது?

மாறன்