குடைத் தூண்டில்

லண்டன்
08.02.2009

அன்புள்ள அப்பாவுக்கு,

கோசிகா எழுதுகிறேன். நாங்கள் மூவரும் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அம்மாவும் தம்பி மிதுலனும் நித்திரை. எங்களுக்கு மேல்மாடியில் ஒரே ஓர் அறை. அதனால் குளியலறைக் கதவைப் பூட்டி, குளியல் தொட்டிக்குள் தலையணை போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். காலடிச் சத்தம் கேட்டால் தண்ணீரைத் திறந்துவிடுவேன். அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமென்று நினைக்கவே பயமாக இருக்கிறது. எழுத்துக் கோணலாக இருந்தால் மடியில் வைத்து எழுதுவதால்தான்.

ஒக்டோபரில் நீங்கள் கஸ்பர் மாமாவின் படகில் மீன் பிடிக்கப் போயிருந்தபோது நாங்கள் சொல்லாமல் டென் ஹாக்கை விட்டு வந்துவிட்டோம். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் என்ன செய்தீர்கள்? எங்களைக் கூப்பிட்டுப் பார்த்தீர்களா? அன்று மீன் பட்டிருந்தால் அதை யார் வெட்டினார்கள்? இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டு யோசிக்கிறேன்.

எங்கே இருக்கிறோம் என்று எழுத மாட்டேன். அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். பதில் எழுதினால் பின்பக்கத்தில் உள்ள ரெய்னர்ஸ் லேன் முகவரிக்கு எழுதுங்கள். அது என் வகுப்புத் தோழி சுவர்ணாவின் அக்கா துஷ்யா மணமுடித்துப் போன வீடு. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தாய்வீட்டுக்கு வரும்போது கொண்டுவந்து தருவார். நாங்கள் அங்கே இல்லை, அப்பா. லண்டன் மிகப் பெரியது.

மிதுலன் உங்களைக் கேட்பதை நிறுத்திவிட்டான். நான் யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

உங்கள் மகள்
கோசிகா


டென் ஹாக்
23.02.2009

என் குஞ்சு கோசிகாவுக்கு,

உன் எழுத்தைக் கண்டதும் வாசலிலேயே நின்று வாசித்தேன். சப்பாத்தைக் கழற்றவும் இல்லை. உன் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. நீ என்ன செய்வாய், பாவம்.

உனக்குப் பிடித்த செய்தி ஒன்று. கஸ்பரின் மச்சான் அமெரிக்காவிலிருந்து ஒரு புதுத் தூண்டில் அனுப்பியிருக்கிறான். துணியில்லாத குடை என்று நினைத்துக்கொள். நடுவில் ஈயத்தில் ஒரு மீன்தலை. அதிலிருந்து கம்பிகள் குடைக்கம்பி போல விரியும். சுற்றிவர நான்கு ரப்பர் மீன்கள், நடுவில் ஒன்று. படகுக்குப் பின்னால் மெதுவாக இழுத்தால் தண்ணீருக்குள் ஒரு குஞ்சுமீன் கூட்டம் நீந்திப் போவது போலவே இருக்குமாம். எல்லாவற்றிலும் தூண்டில் முள் தேவையில்லை. சுற்றியுள்ள நான்கும் சும்மா மினுங்குவதற்கு. நடுவில் உள்ளதற்குத் தங்கூசி நூலைக் கொஞ்சம் நீளமாக விட்டு, அதில் மட்டும் முள்ளைக் கட்டியிருக்கிறேன். நாங்கள் கொடுவா என்று சொல்கிற இந்தக் கடல் பாஸ் மீன், கூட்டத்தைப் பார்த்துத்தான் கிட்ட வரும். வாயைத் திறப்பது பின்தங்கி வருகிற மீனுக்குத்தான்.

சமையலறை மேசையில் வைத்துத் தனியே கட்டினேன். ரப்பர் மீன் கோர்ப்பது எப்போதும் உன் வேலை. மே மாதம் கொடுவா கரைக்குக் கிட்ட வரும். பார்ப்போம்.

உன் சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்திருக்கிறேன். மிதுலனின் கட்டிலை அசைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை உன் ஜன்னலடியில் வந்து கத்துகிறது. குடிப்பதையும் வெகுவாகக் குறைத்துவிட்டேன். வேறொன்றுமில்லை, உன் பிறந்தநாளுக்கு ஒரு பார்சல் அனுப்ப ஆசை. தெருவின் பெயரை மட்டும் எழுதிவிடு. அம்மாவுக்குத் தெரியத் தேவையில்லை.

அன்பு முத்தங்களுடன்
அப்பா


லண்டன்
19.04.2009

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மடித்து மடித்து, மடிப்புகள் கிழியத் தொடங்கிவிட்டன. பார்சல் வேண்டாம் அப்பா. தெருவின் பெயரைக் கேட்காதீர்கள். பிறந்தநாளுக்கு அம்மா ரவை கேக் செய்தார். எனக்கு அது போதும்.

ஊரில் நடக்கும் போரை நிறுத்தச் சொல்லி இங்கே எல்லோரும் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நிற்கிறார்கள். எங்கள் வகுப்புப் பிள்ளைகளும் கொடியோடு போகிறார்கள். அம்மா மட்டும் போகவில்லை. கீழ் வீட்டு நாகேஸ்வரி அன்ரி நேற்றுப் படியில் நின்று கேட்டார்.

“ஊரே றோட்டில நிக்குது, நீ கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாய். உன்ர சனம் சாகிறது உனக்குத் தெரியேல்லையோ, செல்வமலர்?”

“எனக்கு ஷிப்ட் அக்கா.”

“எல்லாருக்கும்தான் ஷிப்ட். மனம் வேணும்.”

அம்மாவுக்கு நேற்று ஷிப்ட் இல்லை. அந்தக் கூட்டத்தைத் தமிழ் டிவிக்காரர் படம் பிடிக்கிறார்கள். அதை நீங்கள் பார்ப்பீர்கள், கூட்டத்தில் தன் முகத்தைக் கண்டுபிடிப்பீர்கள் என்று அம்மாவுக்குப் பயம். இதை அன்ரிக்குச் சொல்ல ஏலாது. அம்மா உள்ளே வந்து வெங்காயம் வெட்டினார். அன்றைக்குச் சமையலுக்கு வெங்காயமே தேவைப்படவில்லை.

அம்மாவுக்குக் குளிர் நாட்களில் இடது மணிக்கட்டு இன்னும் நோகிறது. மூடி திறக்க என்னைத்தான் கூப்பிடுவார். அப்பா, நீங்கள் ஒரு வரி எழுதுங்களேன். “நான் செய்தது பிழை” என்று ஒரே ஒரு வரி. அதை எப்படியாவது அம்மாவிடம் காட்டுவேன். எனக்கு அடி விழுந்தாலும் பரவாயில்லை.

காலையில் டிராமில் உட்கார இடமே கிடைப்பதில்லை. மிதுலன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பான். ஸ்கேவனிங்கன் கடற்கரைக்கு நாங்கள் தூண்டில்களோடு டிராமில் போனது போல இல்லை. இந்த டிராமின் முடிவில் கடல் கிடையாது.

நித்திரை வருகிறது. அந்த வரியை மறக்காதீர்கள்.

உங்கள் மகள்
கோசிகா


டென் ஹாக்
09.05.2009

அன்பு மகள் கோசிகாவுக்கு,

முதலில் மீன் கதை. போன ஞாயிறு குடைத் தூண்டிலைக் கடலில் இறக்கினோம். அரை நாளாக ஒன்றுமில்லை. கஸ்பருக்குப் பொறுமை போய்விட்டது.

“அண்ணை, ஒரு முள்ளோட நாள் முழுக்கச் சுத்துறதோ? அஞ்சிலயும் கட்டுங்கோ!”

கட்டினேன். எடுத்து எறியும்போது ஒரு முள் அவனுடைய ஜக்கெற்றில் கொழுவிக்கொண்டது. “மீனுக்கோ எறியிறியள், எனக்கோ?” என்று கத்தினான். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே இரண்டு கொடுவா ஒன்றாகப் பட்டன. ஒன்று இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமுமாக இழுத்ததில் ஒரு கம்பி வளைந்துவிட்டது. இரண்டையும் விடவில்லை. இனிமேல் ஐந்திலும் முள்தான்.

அம்மாவின் கையைப் பற்றி எழுதியிருந்தாய். அது கதவு பட்டது. நீ பாதி நித்திரையில் கண்டதை வைத்து எழுதுகிறாய். அம்மா சொல்லித் தந்ததாகவும் இருக்கலாம். நீ எழுதாமல் இருந்த இரண்டு மாதமும்தான் நான் மறுபடி குடித்தேன், அதையும் தெரிந்துகொள். பூனையையும் இப்போது காணவில்லை. சைக்கிளை ஒருவர் விலைக்குக் கேட்கிறார், நீ வரமாட்டாய் என்றால் கொடுத்துவிடுவேன். எனக்கு ஒன்று நடந்தால் கதவை உடைத்துத்தான் எடுப்பார்கள். அந்தப் பாவம் யாருக்கு?

டிராமில் போகிறாய் என்று எழுதியிருந்தாய். லண்டனில் இருந்த ஒருவரிடம் விசாரித்தேன். அங்கே டிராம் ஓடுவது குரோய்டன் பக்கம் மட்டும்தானாம். பார்த்தாயா, பிள்ளையை அப்பாவிடமிருந்து ஒளிக்க ஏலாது.

ஜூன் முதல் கிழமை கஸ்பரின் வானை வாங்கிக்கொண்டு கப்பலில் வருகிறேன். அம்மாவுக்கு மூச்சு விடாதே. உன் பள்ளிக்கூடச் சீருடை என்ன நிறம் என்று மட்டும் எழுது. வாசலில் நிற்பேன்.

அப்பா


லண்டன்
21.05.2009

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. இரண்டு நாட்கள் சாப்பிட முடியவில்லை. டிராமுக்காகக் காத்து நின்றபோது கஸ்பர் மாமாவுடையது போல வெள்ளை வான் ஒன்று போனது. மிதுலனை இழுத்துக்கொண்டு ஒரு கடைக்குள் ஓடினேன். அதற்குள் இருந்தது யாரோ குழாய் திருத்துபவர். மிதுலன் “ஏனக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

பிறகு அம்மாவிடம் சொன்னேன். கடிதங்களையும் கொடுத்தேன். அடிப்பார் என்று நினைத்தேன்.

“தெருவின்ர பேர் எழுதினனியோ?”

“இல்லை அம்மா.”

“பள்ளிக்கூடத்தின்ர பேர்?”

“இல்லை. டிராம் எண்டு மட்டும்.”

“டிராமோ?” என்று அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என் தலையைத் தன் மடியில் வைத்து, “டென் ஹாக்கில பிறந்த பிள்ளைக்கு எல்லா ஊரிலயும் டிராம்தானே. நானும் எழுதியிருப்பன்” என்றார். அதன் பிறகுதான் அழுதார். ஊரில் போர் முடிந்த இந்தக் கிழமை இங்கே எல்லா வீடுகளிலும் அழுகிறார்கள். அதனால் அம்மா ஏன் அழுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. நாகேஸ்வரி அன்ரி மேலே வந்து, அம்மாவைக் கட்டிப்பிடித்து, “நான் உன்னைப் பிழையாக் கதைச்சுப்போட்டன்” என்று தானும் அழுதார்.

உங்கள் முதல் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். சைக்கிள், கட்டில், பூனை, குடியைக் குறைத்தது, கடைசியில் தெருவின் பெயர். நான்கும் மினுங்கத்தான் இருந்தன. நீங்கள் நினைத்துத்தான் அப்படி எழுதினீர்களா, அல்லது உங்களுக்கு அப்படித்தான் எழுத வருமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதுதான் நல்லது என்று அம்மா சொல்கிறார். இரண்டாவது கடிதத்தில் எந்த வரியைத் தொட்டாலும் குத்துகிறது.

நான் கேட்ட ஒரு வரி அதில் இல்லை.

நான் அன்றைக்குப் பாதி நித்திரையில் இருக்கவில்லை, அப்பா. கதவுக்குப் பின்னால் நின்றேன். மிதுலனின் வாயை என் கையால் பொத்தியிருந்தேன். அந்தக் கதவு யார் மேலும் படவில்லை.

நாங்கள் இந்த வீட்டை விடுகிறோம். பள்ளிக்கூடத்தையும்தான். சுவர்ணாவிடம் கூடச் சொல்லவில்லை. துஷ்யா அக்காவின் முகவரிக்கு இனி எழுத வேண்டாம். அவருக்கு இதில் ஒன்றும் தெரியாது, அங்கே போய் அவரைப் பயமுறுத்தாதீர்கள்.

அம்மா ஒரு பெண் வக்கீலிடம் பேசியிருக்கிறார். நீங்கள் வந்தால் பொலிசுக்குச் சொல்வோம். இதை எழுதச் சொன்னது அம்மா. இனி வருவது நான்.

தயவுசெய்து வராதீர்கள். எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் நிற்காதீர்கள். நான் பயப்படுவது உங்கள் கைக்கு மட்டும் இல்லை. நீங்கள் அங்கே நின்று “குஞ்சு” என்று கூப்பிட்டால் மிதுலன் ஒருவேளை வரமாட்டான்.

நான் ஓடி வந்துவிடுவேன், அப்பா.

கோசிகா