மூன்றாம் ஓலை

மே 13, 1946. திங்கள்

காலையிலேயே வெயில். கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. என் மனைவி எஸ்தருக்குப் பல்வலி. கிராம்பு வாங்க வேண்டும். ஆர்மோனியத்துக்குள் எலி.

நேற்று ஆராதனையில் இரண்டாம் கல்யாண ஓலை வாசித்தேன்; மூன்று ஞாயிறு இப்படி அறிவிக்க வேண்டும் என்பது சபைச் சட்டம். மாப்பிள்ளை தேவராஜ், நம் சபை மூப்பர் செல்லையாவின் மகன். பெண் ஞானமணி, நம் பள்ளிக்கூடத்து டீச்சர், பரளச்சி சேரியில் பிறந்தவள். இரண்டு பெயரையும் சேர்த்து வாசித்ததும் கோயிலில் விசிறிகள் நின்றன. முதல் ஓலைக்கு இருமினார்கள். நேற்று அதுவும் இல்லை. இருமலே தேவலை.

இன்னும் ஒரு ஞாயிறு. தடை உண்டென்று யாரும் எழுந்து சொல்லாவிட்டால் புதன்கிழமை கல்யாணம்.

மே 14. செவ்வாய்

செல்லையா வந்தார். நடுப்பகலில், நூல் கடையைப் பூட்டிவிட்டு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஜாதியச் சொல்லி ஓலைய நிறுத்த முடியாதுன்னு எனக்கும் தெரியும்யா. பொண்ணுக்கு வேற எடத்துல பரிசம் போட்டிருந்தா?"

"போட்டிருக்கா?"

"அவ தாய்மாமன் மாயாண்டி ஞாயித்துக்கெழம வந்து சொல்லுவான், என் மகனுக்குப் பேசுன பொண்ணுன்னு. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். அவன் எந்திரிச்சதும் ஓலைய மடிச்சு வச்சுருங்க. விசாரணை அது இதுன்னு ஆறு மாசம் இழுத்தா பய தானா வழிக்கு வந்துருவான்."

போய்விட்டார். உள்ளதை எழுதுகிறேன்: முதலில் எனக்கு நிம்மதி. பழி மாயாண்டி தலையில். இந்தப் பாதிரியை மாற்றச் சொல்லி சபைக் கமிட்டி மேலே எழுதாது. அப்புறம்தான் என் மேலேயே அருவருப்பு.

எஸ்தரிடம் சொன்னேன். "பல்வலியோட இது வேறயா" என்றாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, "ஞானமணிப் பிள்ளைகிட்ட யாரு சொல்றது?"

கிராம்பு மறந்து போயிற்று.

மே 16. வியாழன்

பரளச்சி. கரிப்புகையில் ஓடும் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மீதி நடை. கரிசல் முழுக்க வெடிப்பு, செருப்பு வார் அறுந்தது.

மாயாண்டி நம் சபை இல்லை. அவர் தங்கை, ஞானமணியின் தாய், மட்டும்தான் ஞானஸ்நானம் பெற்றவள். நான் போனபோது மாயாண்டி ஆட்டின் கால் புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"செல்லையா இங்க வந்தாரா?"

"வந்தாக. வண்டி கட்டிட்டு வந்தாக."

"உங்க மகனுக்கு ஞானமணியப் பரிசம் போட்டது நெசமா?"

ஆட்டின் காலை விடவில்லை. "ஞாயித்துக்கெழம வாரேன்யா. கோயில்ல கேப்பீகல்ல, அங்கன சொல்றேன்."

"பொய் சொன்னா அந்தப் பொண்ணு வாழ்க்கை போயிரும்."

"அங்கன சொல்றேன்."

கோபம் தலைக்கேறியது. செ.யிடம் ஏதோ வாங்கிக்கொண்டான் என்றே நினைத்தபடி நடந்தேன்.

மே 18. சனி

பிரசங்கம் ஒரு வரிகூட எழுதவில்லை. நம் கோயிலுக்கு மூன்று வாசல். மேற்கில் கடைக்காரர் குடும்பங்கள், வடக்கில் தெலுங்கு பேசும் தறிக்காரர்கள், தெற்கில் சேரி ஜனம். எந்த வாசலிலும் பலகை கிடையாது. ஒருவரும் மாறி வந்ததும் கிடையாது. நான் வந்தபோதே கேட்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் ஞானமணி வந்தாள். எஸ்தர் விஷயத்தை அவளிடம் சொல்லிவிட்டிருக்கிறாள்.

"எனக்கு யாரும் பரிசம் போடலய்யா. மாமா எந்திரிச்சா நீங்க என்ன செய்வீங்க?"

"விசாரிக்கணும்மா. சட்டம் அப்படி."

"விசாரிங்க. ஆனா வாசிச்சு முடிச்சுட்டு விசாரிங்க. பாதியில மடிச்சுராதீங்க."

நான் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். முக்காட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கோழைதான். சந்தேகமே இல்லை.

மே 19. ஞாயிறு

கால் வைக்க இடமில்லை. வேடிக்கை பார்க்க வராதவனே இல்லை. செ. முன் பெஞ்சில், கஞ்சி போட்ட சட்டை. மாயாண்டி தெற்கு வாசலுக்கு வெளியே, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

வாசித்தேன். கடைசி எழுத்து வரை. தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்டும் விட்டேன்.

மாயாண்டி உள்ளே வந்தார். பாய்களைத் தாண்டி, பெஞ்சுகளைத் தாண்டி, பீடத்துக்கு முன்னால் வரை. செ. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓலையை மடிக்கவில்லை.

"எனக்குப் பேசத் தெரியாது சாமி. இந்தா முன்னால இருக்காகளே பெரியவுக, போன வாரம் எங்க வீட்டுக்கு வந்தாக. எங்க கட்டில்ல உக்காந்தாக. கம்பங்கூழு குடுத்தோம். எங்க குடிக்கப் போறாகன்னு நெனச்சேன். ரெண்டு செம்பு குடிச்சாக. குடிச்சுட்டு, தடை சொல்லுன்னாக. அதான் எனக்கு வெளங்கல. எங்க வீட்டுக் கூழு ஆகும், எங்க வீட்டுப் பொண்ணு ஆகாதா? பரிசமெல்லாம் கெடையாது. எனக்கு ஒரு தடையும் இல்ல."

வேறு யாருக்காவது தடை உண்டா என்று கேட்டேன். செ. முகத்தைப் பார்த்தே கேட்டேன். எங்கிருந்து தைரியம் வந்ததோ. அவர் எழவில்லை.

பெண்கள் பக்கத்தில் அவர் மனைவிதான் எழுந்தாள். கோயில் என்றும் பார்க்கவில்லை.

"ரெண்டு செம்பா குடிச்சீக?"

செ. தரையைப் பார்த்தார். "தாகமா இருந்துச்சு" என்றார்.